கண்ணாடிமேல் எழுத்து: ஐபோனின் லிக்விட் கிளாஸ் வடிவமைப்பும் வாசிப்பு உரிமையும்

1. கேள்வி

2025 ஜூன் 9 அன்று தொடங்கிய மென்பொருள் உருவாக்குநர் மாநாட்டில் ஆப்பிள் நிறுவனம் ‘லிக்விட் கிளாஸ்’ என்னும் புதிய காட்சி வடிவமைப்பை அறிமுகப்படுத்தியது. செப்டம்பர் 15இல் ஐஓஎஸ் 26 வெளியானதும் அது ஐபோன்களுக்கு வந்து சேர்ந்தது. பொத்தான்கள், தேடல் பெட்டிகள், திரையின் அடியிலுள்ள பட்டைகள், பூட்டுத் திரையில் வரும் அறிவிப்புகள் யாவும் கண்ணாடித் துண்டுகளின் தோற்றம் பெற்றன. பின்னாலிருக்கும் படமும் எழுத்தும் அவற்றினூடே தெரிகின்றன. விளிம்புகளில் ஒளி வளைகிறது. போனை அசைத்தால் மினுக்கமும் இடம் மாறுகிறது. 2013இல் வந்த ஐஓஎஸ் 7க்குப் பிறகு ஐபோனின் தோற்றத்தில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம் இதுவே.

அறிமுகமான அன்றே ஒரு முறையீடும் எழுந்தது: எழுத்து சரியாகத் தெரியவில்லை. அதன்பின் நடந்த விவாதம் பெரும்பாலும் அழகு, ரசனை என்ற எல்லைக்குள்ளேயே சுழன்றது. ஒருவருக்குப் பிடித்திருக்கிறது, இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை என்று அதை முடித்துவிடவும் முடிந்தது. இக்கட்டுரை வேறு இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. முதலாவது, எழுத்துத் தெளிவு குறைவது சீர்செய்துவிடக்கூடிய செயலாக்கக் குறையா, அல்லது ஒளிபுகும் பரப்பின்மேல் எழுதுவதாலேயே வருவதா? இரண்டாவது, வேண்டாதவர்கள் அமைப்புகளுக்குள் சென்று அணைத்துவிடலாம் என்ற ஏற்பாட்டோடு நிறுவனத்தின் கடமை முடிந்துவிடுகிறதா?

2. கண்ணாடி இயங்கும் முறை

முன்பிருந்த ஒளிபுகும் பரப்புகள் பின்னணியை மங்கலாக்கி, உறைபனி படிந்த கண்ணாடிபோல் காட்டின. லிக்விட் கிளாஸ் ஒளியை வளைக்கிறது. லென்சினூடே பார்ப்பதுபோல் பின்னணி விளிம்பில் திரிந்து தெரிகிறது. இதில் இரு வகைகள் உண்டு. ஒன்று வழக்கமான வகை. பின்னணியின் வெளிச்சத்துக்கேற்பத் தன் சாயலைத் தானே மாற்றிக்கொள்வது அது. மற்றது இன்னும் தெளிவான வகை. அப்படி மாற்றிக்கொள்ளாதது, படம், காணொளி போன்றவற்றின்மேல் மட்டும் பயன்படுத்தத் தக்கது.

ஆப்பிள் தன் உருவாக்குநர்களுக்குத் தந்த அறிவுரைகளைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியைக் கட்டுப்பாட்டு அடுக்கில் மட்டும் வையுங்கள், உள்ளடக்கத்தில் வைக்காதீர்கள். கண்ணாடியின்மேல் கண்ணாடியை அடுக்காதீர்கள். தெளிவான வகையைப் பயன்படுத்தினால் கீழே ஒரு மங்கல் அடுக்கைச் சேருங்கள், மேலே வருபவை தடிமனாகவும் பளிச்சென்றும் இருக்கட்டும் என்கின்றன அவை. சிறிய பட்டைகள் பின்னணிக்கேற்பக் கருமைக்கும் வெண்மைக்கும் மாறும்; பெரிய பட்டியல்கள் அப்படி மாறினால் கண்ணை உறுத்தும் என்பதால் மாறா. ஆக, வாசிப்புச் சிக்கல் ஆப்பிள் அறியாததன்று. இவ்வளவு கவனத்தோடு மட்டுமே கையாளத்தக்க ஒரு பொருளை இயங்குதளம் முழுமைக்கும் இயல்புத் தோற்றமாக வைத்ததே நாம் எடைபோட வேண்டிய முடிவு.

3. முன்வரலாறு

ஒளிபுகும் இடைமுகம் புதிதன்று. 2000இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய ‘அக்வா’ தோற்றத்தில் பட்டியல்களின் ஊடே பின்னணி தெரிந்தது. 2007 ஜனவரியில் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் ‘ஏரோ’ சாளரங்களின் சட்டங்களைக் கண்ணாடியாக்கியது; 2012இல் விண்டோஸ் 8 அந்தக் கண்ணாடியைக் கைவிட்டது. 2007 அக்டோபரில் வந்த மேக் ‘லெப்பர்ட்’ மேல்பட்டையை ஒளிபுகுவதாக்கியது. பின்னணிப் படம் எழுத்தோடு மோதுகிறது என்ற கண்டனம் எழுந்தது. 2008 பிப்ரவரியில் வந்த 10.5.2 பதிப்பில் அதை அணைக்க ஒரு தெரிவு சேர்க்கப்பட்டது.

2013இல் ஐஓஎஸ் 7இன் கதையும் இதுவே. சோதனைப் பதிப்புகளில் எழுத்து மிக மெலிதாக இருக்கிறது என்ற குறை எழ, வெளியீட்டுக்கு முன்பே அது தடிப்பாக்கப்பட்டது. திரை அசைவுகளால் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வர, அவற்றைக் குறைக்கும் தெரிவு பின்னால் விரிவாக்கப்பட்டது. 2014 மார்ச்சில் வந்த 7.1, பொத்தான்களுக்கு வடிவம் காட்டும் வசதியைத் தந்தது.

2025இலும் அதே வரிசை. இரண்டாம் சோதனைப் பதிப்பில் கட்டுப்பாட்டு மையத்தின் பின்னணி கூடுதலாக மங்கலாக்கப்பட்டது. மூன்றாம் பதிப்பில் பட்டைகள் மேலும் உறைந்த தோற்றம் பெற்றன. இது கண்ணாடியே இல்லை என்று வேறு சிலர் குறைபட்டபின் நான்காம் பதிப்பில் தெளிவு ஓரளவு திரும்பியது. வெளியீட்டுக்குப் பின், அக்டோபரில், பயன்பாட்டு ஆய்வில் நீண்டகாலமாக இயங்கிவரும் நீல்சன் நார்மன் குழுமம் இவ்வடிவமைப்பைக் கடுமையாக விமர்சித்தது. நவம்பர் 3இல் வந்த 26.1 பதிப்பு, ‘தெளிவு’, ‘சாயம்’ என்ற இரு தெரிவுகளைப் பயனர் கையில் தந்தது.

கால் நூற்றாண்டாக இந்த வரிசை மாறவில்லை. முதலில் ஒளிபுகும் வெளியீடு, பிறகு வாசிக்க முடியாதவர்களின் முறையீடு, கடைசியில் ஒரு தெரிவு. ஒரே பிழை வெவ்வேறு நிறுவனங்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கைகளால் திரும்பத் திரும்ப நிகழ்கிறதென்றால் அதன் வேர் தனி வடிவமைப்பாளரின் கவனக்குறைவில் இருக்க முடியாது. அந்த வேரைக் கணக்கு காட்டித் தருகிறது.

4. கணக்கு சொல்வது

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டை அளக்க உலகளாவிய இணையக் கூட்டமைப்பான டபிள்யூ3சியின் அணுகல்தன்மை நெறிகள் ஒரு சூத்திரத்தைத் தருகின்றன. தூய கருமையின் ஒளிர்வு 0, தூய வெண்மையின் ஒளிர்வு 1. இரண்டில் கூடியதோடும் குறைந்ததோடும் 0.05ஐச் சேர்த்து, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தின் விகிதம் 21:1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தபட்சம் 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும் என்பது 2008இன் நெறி. உயர்தர அளவுகோல் 7:1. பொத்தான் எல்லை, படக்குறி போன்ற எழுத்தல்லாதவற்றுக்கு 3:1 என்பதை 2018இன் பதிப்பு சேர்த்தது. இந்த எண்கள் ஏதோ ஊகத்தில் வந்தவையல்ல. 4.5 என்பது 20/40 பார்வை உள்ளவர், அதாவது ஏறத்தாழ 80 வயதினரின் வழக்கமான பார்வை உடையவர், இழக்கும் உணர்திறனை ஈடுசெய்வதற்காக வகுக்கப்பட்டது. 7 என்பது 20/80 பார்வை உள்ளவருக்காக.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். இருண்ட படத்தின்மேல், ஒளிர்வு 0.05 உள்ள பகுதியில் வெள்ளை எழுத்து வருகிறது என்று கொண்டால் விகிதம் 10.5:1. மிகத் தெளிவு. பயனர் விரலால் திரையைத் தள்ளுகிறார். அதே எழுத்தின்கீழ் ஒளிர்வு 0.6 உள்ள வானம் வருகிறது. விகிதம் 1.6:1ஆக வீழ்கிறது. எழுத்தில் ஒன்றும் மாறவில்லை, வாசகரின் கண்ணும் மாறவில்லை. மாறியது பின்னணி மட்டுமே.

இந்த வானத்தின்மேல் 4.5:1 வேண்டுமானால் கண்ணாடி எவ்வளவு ஒளியைத் தடுக்க வேண்டும்? பின்னணியின் ஒளிர்வு 0.18 அளவுக்கு இறங்க வேண்டும். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு ஒளியைத் தடுக்க வேண்டும். தூய வெண்மையின்மேலாயின் 80க்கும் அதிகம். அந்த அளவு தடுத்தால் அதைக் கண்ணாடி என்று சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. ஒளிபுகுதலும் வாசிப்புத் தெளிவும் ஒரே ஒளிக்காகப் போட்டியிடுகின்றன; ஒன்றுக்குக் கொடுப்பது மற்றதிடமிருந்து எடுத்ததே.

எழுத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டால் போதாதா என்பது நியாயமான மறுப்பு. கணக்குப்படி ஒரு பகுதி உண்மை. பின்னணி ஒரே சீராக இருந்தால், அதன் ஒளிர்வு எதுவாயினும், கறுப்போ வெள்ளையோ ஒன்று 4.5:1ஐ எட்டும். மிக மோசமான நிலையான 0.18இல்கூட இரண்டும் 4.58 தருகின்றன. ஆயினும் இங்கே இரண்டு இடைவெளிகள் உள்ளன. முதலாவது, நிழற்படங்கள் சீராக இருப்பதில்லை. ஒரே சொல்லின் முதல் எழுத்து வெயிலிலும் கடைசி எழுத்து நிழலிலும் விழுந்தால் எந்த ஒரு நிறமும் இரண்டுக்கும் பொருந்தாது. இரண்டாவது, 7:1 தேவைப்படுபவருக்குப் பின்னணி 0.10க்கும் 0.30க்கும் இடையில் இருந்தால் கறுப்பும் உதவாது, வெள்ளையும் உதவாது. பார்வை மிகக் குறைந்தவரை இந்தத் தானியங்கு மாற்றம் எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் காப்பாற்றாது. முதல் கேள்விக்கான விடை இங்கே கிடைக்கிறது. செயலாக்கத்தால் இழப்பைக் குறைக்கலாம். ஆனால் இழப்பின் மூலம் ஒளிபுகுதலேயாகும்.

5. கண் சொல்வது

இந்த விகிதம் வாசிப்பின் முழுமையையும் அளப்பதில்லை. எழுத்தின் கோடுகளும் பின்னணியின் கோடுகளும் ஒத்த அளவில் இருந்தால், வெளிச்ச வேறுபாடு போதுமானதாக இருந்தும் வடிவங்கள் ஒன்றையொன்று மறைக்கும். கட்டுப்பாட்டுப் பட்டையின்கீழ் மற்றொரு பத்தி எழுத்து ஓடும்போது நேர்வது இதுதான். பின்னணியை மங்கலாக்குவது நுண்கோடுகளை அழித்து அதைத் தடுக்கிறது. ஒளியை வளைக்கும் கண்ணாடியோ விளிம்பில் புதிய கோடுகளை உண்டாக்குகிறது. அந்த விளிம்பை ஒட்டியே பொத்தானின் குறியும் எழுத்தும் நிற்கின்றன.

இது முப்பதாண்டுகளுக்கு முன்பே ஆராயப்பட்ட பொருள். 1995, 96 ஆண்டுகளில் பெவர்லி ஹாரிசனும் அவருடன் ஹிரோஷி இஷி, கிம் விசென்டே, பில் பக்ஸ்டன் ஆகியோரும் ஒளிபுகும் பட்டியல்களைச் சோதனைக்கு உட்படுத்தினர். முன்னிருப்பதில் கவனம் குவித்தல், முன்னும் பின்னும் உள்ளவற்றில் கவனத்தைப் பகிர்தல் என்ற இரண்டுக்கும் இடையிலான இழுபறியாக அவர்கள் சிக்கலை வகுத்தனர். இடையூறு ஒளிபுகும் அளவை மட்டும் பொறுத்ததன்று, பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்று காட்டினர். எழுத்தைச் சுற்றி எதிர்நிற விளிம்பு தீட்டும் ஒரு தீர்வையும் முன்வைத்தனர். அவர்களுடைய வகைப்பாடு இன்றைக்கும் உதவும். பின்னணியைக் காண்பது வேலையின் பகுதியாக இருந்தால் ஒளிபுகுதலுக்குப் பயன் உண்டு. அறை தெரியவேண்டிய விஷன் புரோ தலைக்கருவியில் கண்ணாடிப் பரப்பு பொருள் பொதிந்தது. கையிலிருக்கும் போனில் ‘அனுப்பு’ பொத்தானின் பின்னால் மின்னஞ்சலின் அறுபட்ட வரி தெரிவதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

வயதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதுமையில் கண்மணி சுருங்குகிறது, கண்வில்லை மஞ்சளிக்கிறது. அறுபது வயதில் விழித்திரையைச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்வதன் மூன்றில் ஒரு பங்கு என்பது பார்வையியலில் பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. கண்புரை உள்ளவருக்குள் நுழையும் ஒளி சிதறுகிறது. பளபளக்கும் விளிம்பு அவருக்குப் பனிமூட்டம். உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குக் அருகில் பார்ப்பதிலோ தொலைவில் பார்ப்பதிலோ குறை உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனை பேரைச் சிறுபான்மை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. நல்ல பார்வை உள்ளவரும் நண்பகல் வெயிலில் திரையைப் பார்க்கும்போது, திரைமேல் விழும் வெளிச்சம் கருமையை வெளுக்கச் செய்வதால், தற்காலிகமாக அவர்களோடு சேர்கிறார்.

6. தமிழ் எழுத்து

தமிழில் செய்தியும் அறிவிப்பும் வாசிப்பவருக்கு இச்சிக்கல் இன்னொரு வகையில் கூர்மையாகிறது. தமிழ் எழுத்தில் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது ஒரு புள்ளி. கி, கீ என்பவற்றின் வேறுபாடு மேலேயுள்ள சிறு சுழி. ன, ண இரண்டையும் பிரிப்பது சுழிகளின் எண்ணிக்கை. ரகரத்தையும் துணைக்காலையும் பிரிப்பது அடியில் ஒரு சாய்கோடு. ஆங்கில எழுத்தில் ஐ என்பதன் மேற்புள்ளி மறைந்தாலும் எழுத்து மாறாது. தமிழில் புள்ளி மறைந்தால் வேறு எழுத்தாகிறது. பழகிய சொற்களில் சூழலால் ஊகித்துவிடலாம். ஆட்பெயர், ஊர்ப்பெயர், மருந்துப் பெயர் போன்றவற்றில் ஊகம் கைகொடுக்காது. கண்ணாடியின்கீழ் பின்னணியின் மினுக்கம் முதலில் விழுங்குவது இத்தகைய நுண்குறிகளைத்தான்.

அளவுகோல்களும் தமிழை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையல்ல. ‘பெரிய எழுத்து’ என்பதை 18 புள்ளி, தடித்ததாயின் 14 புள்ளி என்று வரையறுக்கும் டபிள்யூ3சி நெறி, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருக்களுக்கு இணையான அளவைக் கொள்ளலாம் என்று தனியே குறிப்பிடுகிறது. இந்திய எழுத்துகளைக் குறிப்பிடவில்லை. மேலும் கீழும் உறுப்புகள் நீளும் தமிழ் எழுத்து, அதே புள்ளியளவில் உள்நுணுக்கங்களுக்குக் குறைந்த இடமே பெறுகிறது. எனவே 3:1 என்னும் தளர்வான எல்லை தமிழுக்கு எந்த அளவிலிருந்து பொருந்தும் என்பதைத் தமிழ் எழுத்துருவியலாளரும் பார்வையியலாளரும் சேர்ந்து சோதித்து வகுக்க வேண்டும். இந்தப் பணியை நமக்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை.

7. ஆதரவு வாதங்கள்

லிக்விட் கிளாசுக்கு ஆதரவான வாதங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, பழக்கம்: ஐஓஎஸ் 7ஐயும் எதிர்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பழகியது உண்மை. ஆனால் பழகுவதற்குள் எழுத்துத் தடித்தது, அசைவு குறைந்தது, பொத்தானுக்கு வடிவம் வந்தது. மக்கள் பழகியது திருத்தப்பட்ட பதிப்புக்கு. தவிர, புதிய இடத்தில் வைத்த பொத்தானுக்கு மனம் பழகும். போதாத ஒளிர்வு வேறுபாட்டுக்கு விழித்திரை பழகாது.

இரண்டாவது, உள்ளடக்கத்துக்கு முதலிடம்: கட்டுப்பாடுகள் கண்ணாடியாகும்போது படமும் எழுத்தும் திரை முழுதும் விரிகின்றன. இந்த நோக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் அரைகுறையாகத் தெரியும் வரி உள்ளடக்கமாகாது. அதை வாசிக்கவும் முடியாது, புறக்கணிக்கவும் முடியாது.

மூன்றாவது, ஆழம்: தட்டையான வடிவமைப்பு எது பொத்தான், எது வெறும் எழுத்து என்பதை மறைத்தது, கண்ணாடியின் விளிம்பும் நிழலும் அதை மீட்கின்றன. மூன்றில் வலுவானது இதுவே. தட்டை வடிவமைப்பின் அந்தக் குறை உண்மையானது. ஆயினும் விளிம்பும் நிழலும் ஒளிபுகாப் பரப்பிலும் தீட்டக்கூடியவை. ஆழத்துக்காக எழுத்தைப் பணயம் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

8. அமைப்புகளுக்குள் ஒளிந்த தீர்வு

இரண்டாவது கேள்வி எஞ்சுகிறது. ஒளிபுகுதலைக் குறைத்தல், ஒளிர்வு வேறுபாட்டைக் கூட்டுதல், எழுத்தைத் தடித்தல், அசைவைக் குறைத்தல் எனப் பல தெரிவுகள் ஐபோனின் அணுகல்தன்மைப் பகுதியில் உள்ளன. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ் கருவியில் திரைவாசிப்பானைச் சேர்த்த காலந்தொட்டு இத்துறையில் ஆப்பிளின் பங்களிப்பு பெரிது. பார்வையற்றோர் பலரின் அன்றாடத்தை அது மாற்றியது. அந்தப் பெருமையை மறுப்பதற்கில்லை. அதனால்தான் எதிர்பார்ப்பும் அதிகம்.

தெரிவு இருப்பது நல்லது. அது போதாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. தனக்குப் பார்வை குறைந்துவருவதை மெல்ல மெல்ல உணர்பவர் தன்னை மாற்றுத்திறனாளி என்று கருதுவதில்லை. அணுகல்தன்மை என்று பெயரிட்ட பகுதிக்குள் தேடுவதும் இல்லை. போன் தனக்குக் கைவரவில்லை என்றே நினைக்கிறார். தெரிவு இருக்கிறது என்று அறிந்தவரும், வாசிக்கச் சிரமமான திரையைக் கடந்துதான் அதை அடைய வேண்டும். அத்துடன், ஒருவர் அணைத்ததும் கிடைக்கும் தோற்றம் வடிவமைப்பாளர்கள் நாள்தோறும் பார்த்துச் செப்பனிடும் தோற்றமன்று. பிறர் உருவாக்கும் செயலிகளும் இயல்புத் தோற்றத்திலேயே பெரும்பாலும் சோதிக்கப்படுகின்றன. பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டுவிட்டுச் சிலரை மட்டும் அடுக்களைக்குப் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வதற்கு ஒப்பானது இந்த ஏற்பாடு. உணவு மறுக்கப்படவில்லை, ஆனால் சம உபசரிப்பும் இல்லை.

முரண் ஒன்றும் உள்ளது. 2025 மே மாதம், இந்த வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன், செயலிக் கடையில் ஒவ்வொரு செயலியும் தன் அணுகல்தன்மை விவரங்களைக் காட்டும் அட்டைகளை ஆப்பிள் அறிவித்தது. அவற்றில் ‘போதிய ஒளிர்வு வேறுபாடு’ என்பதும் ஒன்று. பிறர் செயலிகளிடம் கேட்கும் உறுதிமொழியை இயங்குதளத்திடமும் கேட்பது இயல்பான அடுத்த படி.

சட்டத்தின் திசையும் இதுவே. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்ப அணுகலை அரசின் கடமையாக்கியது. 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. வங்கியும் மருத்துவமனையும் ரேஷனும் போன் வழியே நடக்கும் காலத்தில், திரையை வாசிக்க முடியாமை என்பது குடிமை வாழ்விலிருந்து ஒருவரைத் தள்ளிவைப்பதாகும்.

9. முடிவு

ஒளிபுகும் இடைமுகத்தில் வாசிப்புத் தெளிவு உறுதியாக இருப்பதில்லை. பின்னால் எந்தப் படம் வருகிறதோ அதைப் பொறுத்த வாய்ப்பாக அது மாறிவிடுகிறது. ஒளிபுகாப் பரப்பில் வடிவமைப்பாளர் ஒரு முறை சோதித்தால் எழுத்து எங்கும் அப்படியே நிற்கும். கண்ணாடியில் அவர் எத்தனை முறை சோதித்தாலும் பயனரின் அடுத்த நிழற்படம் அச்சோதனையைச் செல்லாததாக்கும். பொறுப்பு வடிவமைப்பாளரிடமிருந்து நழுவி, பயனரின் கண்ணுக்கும் அமைப்புகளைத் தேடும் அவரது பொறுமைக்கும் போய்ச் சேருகிறது.

இதைத் திருத்தக் கண்ணாடி முழுவதையும் ஒழிக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியவை தெளிவானவை. எழுத்து நிற்கும் இடத்தில் ஒளிர்வு வேறுபாடு 4.5:1க்குக் கீழ் இறங்காதபடி இயங்குதளமே கணித்து, தேவைப்படும்போது பரப்பை மூடட்டும்; ஒளிபுகுதல் எழுத்தில்லாத விளிம்புகளோடு நின்றுகொள்ளட்டும். புதிய போனை முதன்முதலில் இயக்கும்போதே, இரு மாதிரித் திரைகளை அருகருகே காட்டி எது நன்றாகத் தெரிகிறது என்று எல்லோரிடமும் கேட்கட்டும். வெளியீட்டுக்கு முன் முதியோரிடமும், பார்வை குறைந்தோரிடமும், வெயிலிலும், ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் நடத்திய சோதனைகளின் முடிவுகளை நிறுவனம் வெளியிடட்டும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒரே கொள்கை: இயல்புநிலை எல்லோரும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அலங்காரம் விரும்புபவர் அதைத் தேடிச்சென்று இயக்கிக்கொள்ளலாம். தேடிச்செல்லும் சிரமத்தை நன்றாகப் பார்க்க முடிந்தவர் ஏற்பதே நியாயம். இன்று அந்தச் சுமை பார்க்கச் சிரமப்படுபவரின் தோளில் இருக்கிறது. அடுத்த வடிவமைப்பு எவ்வளவு அழகானது என்று கேட்பதற்கு முன் அச்சுமை யாரிடம் இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டும்.